கலர் டிரஸ்

இந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடட்டுமா? உங்களுக்குக் காற்று வேண்டுமென்றால் இருக்கட்டும். முகத்தில் அனலாக அடிக்கிறது, அதனால் கேட்டேன். பரவாயில்லை, இருக்கட்டும்.

இந்த வண்டி பத்தரைக்குள் தாராபுரம் போய்விடுமா? கண்டக்டரைக் கேட்டேன். "போனாப் போயிருமுங்க" என்கிறார். இது ஒரு பதிலா, சொல்லுங்கள். போனால் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா?

தாராபுரத்தில் இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். உள்ளே ஒரு ஊர். அங்கே என் மாணவி ஒருத்தியின் குலதெய்வக் கோயில். பதினொரு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் நான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். விசேஷமா என்று கேட்டால் என்ன சொல்வது? "சும்மா பேச வர்றாங்க மிஸ்" என்றாள் போனில். சும்மா பேச யாராவது ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு வருவார்களா? பதினாறு வயது அவளுக்கு. இப்போதுதான் பத்தாவது தேறியிருக்கிறாள். அத்தை மகனுக்கு இன்றைக்குப் பேசி வைத்துவிட்டால் அதோடு படிப்பு முடிந்தது. கல்யாணம் பதினெட்டுக்கு மேல்தான் என்று எல்லாரும் சட்டம் தெரிந்த மாதிரி சொல்வார்கள். பேசி வைத்த பெண்ணை யார் தினமும் பஸ் ஏற்றிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள்? அதனால்தான் என்னால் உட்கார முடியவில்லை. நான் இப்படிக் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

என் பெயர் கிரிஜா. டீச்சர்தான், ஆனால் டீச்சர் என்று சொல்லிக்கொள்வதில்லை. கனடாவில் பல வருஷம் இருந்தேன். அங்கே இதே மாதிரி ஒரு பள்ளியில் வேலை. படிப்பை முடிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று சந்தேகப்படுகிற பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிவைத்து, வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்து, எப்படியாவது கரையேற்றுகிற பள்ளி. வீட்டுக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அது வேறு கதை. நான் வந்துவிட்டேன். திருப்பூரில் என் தம்பி வீட்டு மாடியில் இருந்துகொண்டு, கற்றதை இங்கே செய்தால் என்ன என்று யோசித்தேன். இங்கேதானே தேவை? ஒரு பிள்ளை கணக்கில் ரெண்டு தடவை பெயிலானால் போதும், பனியன் கம்பெனி வேன் வாசலில் வந்து நிற்கும்.

ஒரு மெட்ரிக் பள்ளித் தாளாளரைப் போய்ப் பார்த்தேன். பெரிய பள்ளி. முழுவதும் கேட்டார் மனிதர். நடுவில் ஒரு போன்கூட எடுக்கவில்லை. "எங்ககிட்டயும் அப்படிக் கொஞ்சம் புள்ளைங்க இருக்கறாங்க மேடம். பத்தாவதுக்கு ஏத்தறதா வேண்டாமான்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கறமுங்க. நீங்களே எடுத்துக்கங்க" என்றார். பள்ளிக்குப் பின்னால் பழைய பண்டல் குடோன் ஒன்று சும்மா கிடந்தது. வாடகை வேண்டாம் என்றார். இந்தக் காலத்தில் யார் தருகிறார்கள்?

யூனிபார்ம் வேண்டாம் என்று நான் சொன்னபோது ஒரு பெரிய விவாதத்துக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். மேற்கோளெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தாராளமாங்க. எனக்கும் அதே எண்ணந்தானுங்க" என்றார். அதோடு விட்டாரா? "பின்னாடி கேட்டைத் தனியாத் தெறந்து விட்டர்றேன். அவங்க அப்படியே வந்து அப்படியே போயிக்கட்டும். முன்னாடி வந்தா மத்த புள்ளைங்களப் பாத்து அதுங்களுக்கு மனசு சங்கடமா இருக்கும் பாருங்க" என்றார். எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கிறார் பாருங்கள். பெயர்ப்பலகைகூட வேண்டாம் என்றுவிட்டார். விளம்பரம் பிடிக்காதவர். முன்வாசலில் மட்டும் ஒரு பிளெக்ஸ் உண்டு, தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி என்று. அது எல்லாப் பள்ளியும் வைப்பதுதானே. எங்கள் பிள்ளைகள் தனித்தேர்வர்களாகப் பரீட்சை எழுதுவார்கள், பள்ளிக் கணக்கில் வரமாட்டார்கள். அழுத்தம் இருக்கக்கூடாது என்பதற்காக.

இது எந்த ஊர்? கொடுவாயா? இப்போதுதான் கொடுவாயா?

சரி. வகுப்பில் பெஞ்ச் கிடையாது. எல்லாரும் வட்டமாக உட்கார வேண்டும், நானும் வட்டத்தில் ஒருத்தி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லோகேஸ்வரன் என்று ஒரு பையன், வாய் கொஞ்சம் நீளம். அவன்தான் முதலில் முயற்சி செய்தான். "கிரிஜாங்க" என்றான். ங்க வேண்டாம் என்றேன். "செரிங்க கிரிஜாங்க மிஸ்" என்றான். அதோடு அதை விட்டுவிட்டேன். காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். "நல்லாருக்கறனுங்க." அடுத்தது "நல்லாருக்கறனுங்க." அப்படியே வட்டம் சுற்றி லோகேஸ்வரனிடம் வரும். "நேத்து சொன்னதேதானுங்க" என்பான். பழகிக்கொள்ள நாளாகும். வேர் வரைக்கும் பயம்.

முதல் நாள் எல்லாரும் கலர் டிரஸ்ஸில் வந்தார்கள். உங்களுக்கே தெரியும், இங்கே பிள்ளைகள் பள்ளிக்குக் கலர் டிரஸ் போட்டால் அன்றைக்குப் பிறந்த நாள் என்று அர்த்தம். மிட்டாய்க்கடைக்காரர், ஆட்டோக்காரர், எல்லாரும் "பொறந்த நாளா கண்ணு?" என்று கேட்டார்களாம். வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்கள். முதல் வாரம் முழுவதும் கேட்டார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை. ஊர் புரிந்துகொண்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அன்றைக்கு ஒருத்தி மட்டும் பழைய யூனிபார்மில் வந்தாள். சந்தன நிறச் சுடிதார், மேலே மெரூன் கோட். அவள்தான் பூவிழி. இன்றைக்கு நான் பார்க்கப் போகிறவள். ஒன்பதாவதில் மஞ்சள் காமாலை வந்து ரொம்ப நாள் படுத்துவிட்டாள், கணக்கு விட்டுப்போனது, அதனால் இங்கே அனுப்பியிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டு, "வேற துணி இல்லையாம்மா?" என்றேன்.

"இருக்குதுங்க மிஸ்."

"அப்புறம் ஏன்?"

"இதுதானுங்க சௌரியம்."

உன்னைத் தேறமாட்டாய் என்று ஒதுக்கிய பள்ளியின் துணி உனக்கு எப்படிச் சௌரியம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. தானாகக் கழன்றுவரட்டும் என்று விட்டேன். மறுநாளிலிருந்து கலர் டிரஸ்தான். பாருங்கள், கட்டாயப்படுத்தாமல் இருந்தாலே போதும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு மாதம் போயிருக்கும். தாளாளர் போன் செய்தார். "மேடம், உங்க பொண்ணு ஒண்ணு நம்ம யூனிபார்ம் போட்டுக்கிட்டு டவுன் பஸ்ஸுல வருதாம். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நம்ம பேருங்களே." பிள்ளையின் பாதுகாப்பில் அவருக்கு அவ்வளவு அக்கறை. விசாரித்தால், பூவிழி வீட்டிலிருந்து யூனிபார்மில் கிளம்புகிறாள். ரேஷன் கடைச் சந்தில் ஒரு தோழி வீட்டில் நுழைந்து கலர் டிரஸ் மாற்றிக்கொண்டு என்னிடம் வருகிறாள். சாயங்காலம் திரும்ப அங்கே போய் யூனிபார்ம் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நம்பிக்கை என்று தினமும் பேசுகிற வகுப்பு அது.

"ஏன் ஒளிக்கிறாய் பூவிழி?" என்றேன்.

"ஒளிக்கலீங்க மிஸ். எங்க வளவுல யூனிபார்ம்ல போனா ஆரும் பாக்க மாட்டாங்க. கலர் டிரஸ்ல போனாப் பாப்பாங்க."

வளவு என்றால் அவர்கள் வீடு இருக்கிற வரிசை. ஒரே சுவருக்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பம், எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம், வாசலெல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடி.

"பார்த்தால் பார்க்கட்டுமே. நீ நிமிர்ந்து நட" என்றேன். உடம்பைப் பற்றிக் கூச்சப்படக்கூடாது என்று அன்றைக்கு வட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். அவள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சில பிள்ளைகள் அப்படித்தான் உள்வாங்குவார்கள்.

ஆனால் பேச்சோடு விட்டால் இது தீராது என்று தெரிந்தது. கனடாவில் நாங்கள் ஒன்று செய்வோம். வருஷ ஆரம்பத்தில் பிள்ளைகள் தங்கள் பழைய பள்ளியை நினைவுபடுத்துகிற ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து கிழிப்பார்கள். மனசில் இருக்கிற கனம் இறங்கிவிடும். இங்கே எதைக் கிழிப்பது? யூனிபார்மைத்தான். எல்லாரும் பழைய யூனிபார்ம் ஒரு செட் விடாமல் கொண்டுவாருங்கள் என்றேன். அதை வெட்டித் துண்டுகளாக்கி, சேர்த்துத் தைத்து, குடோன் ஜன்னலுக்குத் திரை போடலாம் என்று திட்டம். மத்தியான வெயில் நேரே அடிக்கும் அங்கே.

திருப்பூர்ப் பிள்ளைகள், கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? சரக் சரக்கென்று வெட்டினார்கள். லோகேஸ்வரன் மட்டும், "மிஸ், இது நல்ல துணிங்க, என்ர தம்பிக்கு ஆகுமுங்க" என்றான். இது துணியில்லை, ஒரு அடையாளம் என்று விளக்கினேன். "அடையாளந்தானுங்க, கால் பக்கம் மட்டும் வெட்டிக்கறேன், தம்பி குட்டைதான்" என்றான். அவனோடு பேசி ஜெயிக்க முடியாது.

பூவிழி துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கறனுங்க மிஸ்" என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையின் மேல் என் கையை வைத்து, மெரூன் கோட்டின் ஓரத்தில் முதல் வெட்டு வெட்டினேன். முதல் வெட்டுத்தான் கஷ்டம். அதற்கப்புறம் துணி தானாக வழிவிடும். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த மாதிரிக் கண்ணீரை நான் அங்கேயும் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். உள்ளே இறுகியிருந்தது இளகுகிறபோது வருவது. திரை அழகாக வந்தது. போட்டோ எடுத்துத் தாளாளருக்கு அனுப்பினேன். அந்த நிமிஷமே பதில்: "சூப்பருங்க மேடம்."

இந்த லாரிக்காரன் ஏன் வழிவிட மாட்டேன் என்கிறான்? தேங்காய் லோடு. அவனுக்கென்ன அவசரம். மணி பாருங்கள்.

அது ஆடி மாசம். ஆவணி பிறந்ததும் அந்த அத்தை வந்துவிட்டார். பூவிழி அப்பாவுக்கு அக்கா. தாராபுரம் பக்கம் தோட்டம், மகன் டெம்போ ஓட்டுகிறான். வளவில் யாரோ ஒருத்தர் சொல்லியிருக்கிறார்கள், புள்ளை கலர் டிரஸ்ஸில் போகுது வருது, படிப்பு நின்னுபோச்சாட்ட இருக்குது என்று. அத்தை வாசலில் நின்றுகொண்டே, "நிப்பாட்டிட்டீங்கன்னா முறைக்காரிக்கு ஒரு வார்த்தை சொல்றதில்லையா தம்பி?" என்று கேட்டாராம். முறை இருக்கிற அத்தை. கேட்கிற உரிமை அவருக்குத்தான் முதலில், அப்படி ஒரு கணக்கு. மனுஷர்களின் அறியாமை எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள். தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போகிற பெண்ணைப் பார்த்துப் படிப்பு நின்றுவிட்டது என்கிறார்கள். கண்ணை எங்கே வைத்திருக்கிறார்கள்?

அவள் அம்மா ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வகுப்புக்கு வந்தார். பேபி என்று பெயர். கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர், தலையில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"மிஸ், ஒரு செட்டு யூனிபார்ம் போதுமுங்க. என்ன கலரா இருந்தாலும் செரி. துணி நான் எடுத்து நானே தெச்சுக்கறேன். எல்லாப் புள்ளைங்களுக்கும் வேணும்னாலும் ராத்திரியில தெச்சுத் தர்றனுங்க. இதுதான் நம்ம பள்ளிக்கூடத்து யூனிபார்முன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டாப் போதும்."

ஒரு தாய் கேட்கிறாள், நான் எப்படி முகத்தில் அடித்த மாதிரி இல்லை என்பேன்? எங்கள் வகுப்பில் எதையும் நான் முடிவு செய்வதில்லை, வட்டம்தான் முடிவு செய்யும் என்றேன். அன்றைக்கே வாக்கெடுப்பு. யூனிபார்ம் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். அத்தனை கையும் மேலே போனது. லோகேஸ்வரன் ரெண்டு கையையும் தூக்கினான். "ஒண்ணு என்ர தம்பிக்குங்க" என்றான்.

இத்தனை நாள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எங்கே போனது? கூண்டைத் திறந்துவிட்டால் குஞ்சு திரும்பக் கூண்டுக்குள் போய் உட்கார்கிற கதை. ஜனநாயகம் என்பது கைகளை எண்ணுவது மட்டுமில்லை என்று அவர்களுக்கு விளக்கினேன். இன்னும் பக்குவம் வரவில்லை, வந்த பிறகு மறுபடி பேசலாம் என்று தள்ளிவைத்தேன். பேபி அம்மா கதவுப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செரிங்க மிஸ், நேரமாச்சு, லேட்டானா அரை நாள் போட்டுருவாங்க" என்று கிளம்பிவிட்டார். அவருக்கும் கொஞ்சம் புரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

தை மாசம் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் வீடுவீடாகப் போகிறவள். அப்பா செல்லமுத்து, சாயப்பட்டறையில் வேலை. நகக்கண் எல்லாம் நீலம். அதட்டுகிற ஆள் இல்லை, ரொம்பச் சாது. எனக்குச் சேரைத் துடைத்துப் போட்டுவிட்டு அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"எனக்குப் படிக்க வெக்கோணும்னுதானுங்க ஆசை. அக்கா வந்து கேக்கறப்ப, படிச்சுக்கிட்டு இருக்குதுன்னு சொல்றனுங்க. எங்க படிக்குது, எதுல படிக்குதுங்கறாங்க. நான் எதைக் காட்டறதுங்க?"

"பெண்ணையே காட்டுங்கள். அவள் அறிவைக் காட்டுங்கள்."

"அறிவெல்லாம் வாசல்ல நின்னு பாத்தாத் தெரியாதுங்களே மிஸ்."

சட்டம் என்ன சொல்கிறது, பெண் பிள்ளையின் உரிமை என்ன, எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றார். கடைசியில், "பரீட்சை முடியற வரைக்கும் ஆரையும் வர வேண்டாம்னு சொல்லி நிறுத்தியிருக்கறனுங்க. அதுக்கு மேல என்ர கையில இல்ல. கூடப் பொறந்தவகிட்ட எத்தனை தடவை இல்லைங்கறது?" என்றார். டீ கொடுத்தார்கள். பூவிழி கொண்டுவந்து கொடுத்தாள். எதிர் வீட்டு வாசலில் ரெண்டு பெண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது.

ஆனால் படித்தாள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கணக்கில் ஒரு வழி உண்டு. வரைபடம், வடிவியல், ஒரு மார்க் கேள்விகள், இதை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படியும் தேறிவிடலாம். நானும் அதைத்தான் செய்யச் சொன்னேன். அவள் அதை முடித்துவிட்டுப் பெரிய கணக்குகளுக்குப் போய்விட்டாள். வேண்டாம்மா, குழப்பிக்கொள்ளாதே என்றேன். "பாஸ் மார்க் பத்தாதுங்க மிஸ், நல்ல மார்க் எடுத்தாத்தான் நிறுத்த யோசிப்பாங்க" என்றாள். அவள் கணக்கில் எழுபத்தெட்டு. லோகேஸ்வரன் மட்டும் அறிவியலில் போய்விட்டான், கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறான், துணைத் தேர்வு எழுதுவான். மற்ற அத்தனை பேரும் பாஸ். தாளாளர் எனக்கு ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். அவர்கள் பள்ளியும் நூறு சதவீதம்தான், புது பிளெக்ஸ் வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் படம் அதில் இல்லை. கூச்சப்படுவார்கள் என்று விட்டுவிட்டாராம். ப்ளஸ் ஒன்னுக்கு மட்டும் அங்கே இடம் கொடுக்க முடியாத நிலைமை. அதனாலென்ன, பூவிழி அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். என்னிடம் சொல்லவேயில்லை, சேர்ந்த பிறகுதான் சொன்னாள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் முந்தாநாள் காலையில் போன்.

"மிஸ், ஞாயித்துக்கெழம அத்தையூட்டுல இருந்து கோயிலுக்குப் பேச வர்றாங்க. அப்பா ஒண்ணும் பேச மாட்டாரு. நீங்க வரோணும்."

கட்டாயம் வருகிறேன், நான் பேசுகிறேன் என்றேன்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மிஸ்" என்றாள். எப்படிச் சொல்கிறாள் பாருங்கள். "ப்ளஸ் ஒன் யூனிபார்ம் ஒரு செட்டு எடுத்துட்டு வந்துருங்க. எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, தட்டத்துல வெச்சு என்ர கையில குடுத்துருங்க. அது போதும்."

அதை உன் அம்மாவே எடுக்கலாமே என்றேன்.

"அம்மா எடுத்தா அது எங்கூட்டு ஏற்பாடும்பாங்க மிஸ். டீச்சர் கையில இருந்து வந்தாத்தான் பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததா நிக்கும். நான் அதைப் போட்டுக்கிட்டு வந்து அத்தை முன்னாடி நின்னுக்கறேன். அப்பறம் அவங்களே ரெண்டு வருசம் போகட்டும்பாங்க."

வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மற்றதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், ஒரு வருஷம் முழுக்க நான் எதற்கு எதிராக நின்றேனோ அதையே தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவதா? அவள் தேறியிருக்கிறாள். எழுபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். ஒரு துணிக்குப் பின்னால் ஏன் ஒளிய வேண்டும்? பேசவும் தயார் செய்துகொண்டுதான் வந்திருக்கிறேன், அத்தைக்குப் புரிகிற மாதிரி எளிமையாக. அதோடு, வெறுங்கையாகப் போகக்கூடாது என்று இதை எடுத்தேன். பாருங்கள். இல்லை, கை ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, தொட்டுப் பாருங்கள். கைத்தறிச் சுடிதார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. இதை எடுக்க நேற்று மூன்று கடை ஏறி இறங்கினேன். இது உன்னுடைய நிறம், உன்னுடைய உடை, நீ இனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லி எல்லார் முன்னாலும் கொடுக்கப்போகிறேன். நன்றாக இருக்கிறதா?

என்ன கேட்டீர்கள்? நிச்சயத்துக்கு எடுத்ததா என்றா?

இல்லையே. இவ்வளவு நேரம் சொன்னேனே. இது பரிசு. பாஸானதற்கு.

இல்லை, நீங்கள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. நிறம் அப்படி இருக்கிறதோ? கொஞ்சம் பளிச்சென்றுதான் இருக்கிறது. இதை உடுத்தி வெளியே வந்து நின்றால் லட்சணமாக இருக்கும் என்கிறீர்கள். இருக்கும். அதற்காகத்தானே எடுத்தேன்.

கோவில்பாளையமா இது? எந்த ஊர் வந்தாலும் நின்று நின்று போகிறது.

ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் அந்த அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மகன் பக்கத்தில் இருக்கிறான். டீச்சர் ஒருத்தி வருகிறாள், தட்டு நிறையப் பூ, நடுவில் இந்த மஞ்சள் சுடிதார். எல்லார் முன்னாலும் பெண் கையில் கொடுக்கிறாள். நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

"டீச்சரம்மாவே புதுத்துணி எடுத்துக் குடுத்துட்டாங்க, அப்பறம் என்ன"வா?

இல்லை. நான் அதற்குள் பேசிவிடுவேனே. சட்டம் சொல்வேன். அவர்கள் கேட்டுக்கொண்டு "ஆமாங்க" என்பார்கள். சரி. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்து அவள் கையில் கொடுத்து, போய் உடுத்திட்டு வா கண்ணு என்பார்கள். ஆமாம். என்பார்கள்தான்.

கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்?

என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொள்கையில் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. யூனிபார்ம் என்பது தவறுதான், அதை எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருவேன். ஆனால் அந்தப் பெண் ஒரே ஒரு பொருள் கேட்டாள். ஒரு வருஷத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் காசு நான் குடுத்துடறேன் மிஸ் என்று. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், தாராபுரத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும்தானே? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயா? மேம்பாலம் தாண்டியா? நடந்தே போய்விடலாமா?

அரசுப் பள்ளிக்கு என்ன நிறம்? பாருங்கள், நிறம்கூட நான் கேட்கவில்லை. உங்கள் பெண் போகிறாளா? ப்ளஸ் டூவா? அப்படியானால் உங்களுக்குத் தெரியுமே. அதுவா? மேலே அது, கீழே அதுவா? ரெடிமேடாகவே தொங்குமா? சரி. சரி. துப்பட்டாவும் சேர்த்தே தருவார்களா?

டவுன் பஸ் எப்படியும் ஐந்து பத்து நிமிஷம் நிற்கும். நிற்காவிட்டால் ஆட்டோ. கண்டக்டர், தாராபுரம் வந்துவிட்டதா? ஸ்டாண்டுக்குள்ளே போக வேண்டாம், வெளியிலேயே இறக்கிவிடுங்கள்.

அளவு. கடையில் அளவு கேட்பார்கள். இந்த மஞ்சளைக் குத்துமதிப்பாகத்தான் எடுத்தேன். அவள் அங்கேயே அதை உடுத்திக்கொண்டு வந்து நிற்பாள், எனக்குத் தெரியும் அவளை. தோளில் தொங்கினால் அத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், கடன் வாங்கின துணி என்று. போன் போட முடியாது, போன் அவள் அப்பா சட்டைப்பையில் இருக்கும். ஒரு வருஷம் தினமும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லி. என்னைவிடக் கொஞ்சம் உயரம். இல்லை, உட்கார்ந்திருக்கும்போதுதானே பார்த்தேன், வட்டத்தில். டீ கொடுக்கக் குனிந்தபோது ஒரு தரம். கை வைத்து வெட்டினபோது தோள் என் தோளில் இடித்தது, இங்கே. இந்த உயரத்தில்.

உங்கள் அளவுதான் இருப்பாள் என்று தோன்றுகிறது. கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டி திரும்புகிறது. கொஞ்சம் எழுந்து நில்லுங்களேன், தோளைப் பார்த்துக்கொள்கிறேன்.